பாகல் கொடியில் திராட்சை

அன்பு மகளுக்கு,

போனில் நான் பேசினால் சத்தம் ஏறிவிடுகிறது. சத்தம் ஏறினால் நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது, நானும் கத்த முடியாது. கல்யாணத்துக்கு நீ சென்னையிலிருந்து கிளம்புவதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும். முழுவதையும் வாசித்துவிட்டு அப்புறம் கோபப்படு. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. உன் கல்யாணப் பத்திரிகையில் தொங்குகிற திராட்சை தப்பு. இன்றைக்கும் தப்புத்தான். ஆனால் மிச்சப் பத்திரிகைகளை உன் சித்தப்பா கையில் கொடுக்கச் சொல்லி, "அப்பா போக வேண்டாம், நீங்க போய்க் கொடுங்க" என்றாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. பெற்ற தகப்பன் திடமாக வீட்டில் உட்கார்ந்திருக்க, தம்பிக்காரன் வெற்றிலைத் தட்டை ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போய் அழைத்தால் ஊர் என்ன கேட்கும்? அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லையா என்று கேட்கும். கேட்டும்விட்டது. உன் அம்மாவை வாய்க்கால் படித்துறையில் நிறுத்தி வைத்தே கேட்டிருக்கிறார்கள்.

நான் செடிகொடிகளைப் படம் போட ஆரம்பித்தது உனக்கு விவரம் தெரிவதற்கு முன்னால். அப்போது லைன்மேன் வேலை. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற துண்டு இடத்தில் கத்திரி வைத்திருந்தேன். இலையெல்லாம் வெளுத்துப் புள்ளி விழுந்துகொண்டே வந்தது. ஒரு இலையைக் கிள்ளிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திருநெல்வேலிக்கு, பூச்சிமருந்துக் கடைக்குப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம், நல்ல வெயில். கடையில் போய் எடுத்தால் இலை துவண்டு கறுத்து ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. கடைக்காரர் அதை விரலால் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்ன வே இது, வெத்தலையா? வார வழியிலேயே மென்னுட்டு வந்துருக்கலாம்லா" என்றார். கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு வந்த ரோசத்துக்கு அளவில்லை. வீட்டுக்கு வந்து, கிழித்துப்போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் அந்தச் செடியின் இலை ஒன்றை அதே அளவில் வரைந்தேன். எந்த நரம்பை ஒட்டி வெளுப்பு, அடிப்பக்கம் எந்த மூலையில் நூல் நூலாகச் சிலந்தி வலை, எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் போட்டேன். மறுவாரம் அதைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தபோது, "இது சிலந்திப் பேன்லா" என்று உடனே மருந்தை எடுத்தார். பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு வே வரைஞ்சது?" என்றார். நான்தான் என்றேன். "சும்மா சொல்லாதீரும்" என்றார். செடிக்குப் பிடித்த நோய் அந்த மருந்தோடு போய்விட்டது. எனக்குப் பிடித்தது இன்னும் போகவில்லை.

யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வந்தவர்கள் பேச்சை நான் கேட்கவும் இல்லை. ஒரு டிராயிங் மாஸ்டர், கத்திரிக்காயைக் கொஞ்சம் பளபளப்பாக, ஓட்டை இல்லாமல் போட்டால் சட்டம் போட்டு மாட்டலாம் என்றார். என் தோட்டத்தில் ஓட்டை இல்லாத கத்திரிக்காய் கிடையாது, புழு இருக்கிற இடத்தில் ஓட்டை இருக்கும், ஓட்டை இருக்கிற இடத்தில் நான் ஓட்டைதான் போடுவேன் என்று சொல்லிவிட்டேன். கண்முன்னால் இல்லாததைப் போடுவதில்லை. இருப்பதை விடுவதும் இல்லை. கலர்ப் பெட்டியில் வருகிற பச்சை டியூபை நான் திறந்ததே இல்லை என்பது உனக்குத் தெரியும். அந்தப் பச்சை எந்தச் செடியிலும் கிடையாது. மஞ்சளும் நீலமும் கலந்து, ஒரு துளி சிவப்புத் தொட்டு, அந்த இலைக்கு அந்த நேரத்தில் என்ன பச்சையோ அதை உண்டாக்க வேண்டும். அவரைக்கு ஒரு பச்சை, புடலைக்கு ஒரு பச்சை. வெயில் ஏறிவிட்டால் அதே அவரைக்கு வேறு பச்சை.

இதனால் உன் அம்மா பட்ட பாடு தனி. வெண்டைக்காயைப் பறித்து வைத்துக்கொண்டு நான் அதன் மேல் இருக்கும் சுணையைப் போட்டுக்கொண்டிருப்பேன். அவள் அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு வந்து நிற்பாள். "படத்துல இருக்குறதையா வெட்டிக் குழம்புல போட? நாளைக்கு அது முத்திப்போயிரும். அப்புறம் அதை விறகாத்தான் எரிக்கலாம்" என்பாள். நீ அவளுக்கு மேல். வரைவதற்காக ஒரு வெள்ளரிப் பிஞ்சை மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால் அதன் நுனியில் ஒரு கடி. நீ கதவுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நின்றாய். முன்பல் ஒன்று விழுந்திருந்த வயது. நான் உட்கார்ந்து, அந்தக் கடியையும் சேர்த்துப் போட்டேன். விழுந்த பல் இருந்த இடத்தில் வெள்ளரியில் ஒரு சின்ன மேடு நின்றது. அதையும் விடவில்லை. அந்தப் படத்தைத்தான் நீ பெரியவளான பிறகும் சிநேகிதிகளுக்கெல்லாம் காட்டினாய். "எங்கப்பா எதையும் மறைக்க மாட்டாரு" என்று சொன்னாயாம். உன் அம்மா வந்து சொன்னாள்.

அப்படிச் சொன்னவள்தான் நிச்சயதார்த்தம் முடிந்ததும் கேட்டாய், "பத்திரிகைக்குப் படம் நீங்கதாம்ப்பா போடணும். நம்ம தோட்டத்துல என்ன இருக்கோ அதைப் போடுங்க" என்று. எனக்கு அந்த நேரம் சந்தோசத்தில் ஒன்றும் ஓடவில்லை. உன் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் தோட்டத்துக்குள் போய் நின்றேன். கத்திரி சுருண்டு கிடந்தது. அவரை இன்னும் பூவெடுக்கவில்லை. வாழையைப் பத்திரிகைக்குள் அடக்க முடியாது. பந்தலில் பாகல்தான் நல்ல நிலையில் இருந்தது. பாகற்கொடி போல வரைவதற்கு வாகான கொடி இன்னொன்று இல்லை. வெட்டு வெட்டான இலை, கம்பி போல ஒற்றைச் சுருளாகப் பற்றி ஏறும் கை, விடியும்போது விரியும் மஞ்சள் பூ. பெண் பூவுக்குப் பின்னால் பிறக்கும்போதே ஒரு நகம் அளவுக்குக் காய் ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் முள் முள்ளாக அப்போதே மேடு தெரியும். பூ வெயில் ஏறினால் வாடிவிடும் என்பதால் தினமும் விடிந்ததும் பின்வாசலில் உட்கார்ந்து, இடப்பக்கம் வெளிச்சம் விழும்படி மேசையைப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு முடித்தேன். நான் போட்டதிலேயே அதுதான் நன்றாக வந்தது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

நல்ல காரியத்துக்குப் பாகற்காய் ஆகாது, கசப்பு என்று பந்தியில் வைக்க மாட்டார்கள், சீர்த்தட்டிலும் வைக்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியாததா? நான் பந்தியில் வைக்கச் சொல்லவில்லை. யாரும் பத்திரிகையைக் கடித்துப் பார்க்கப் போவதில்லை. படத்தைப் போனில் அனுப்பியதும் நீ, "அழகா இருக்குப்பா" என்றாய். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அச்சடித்த கட்டு வந்து பிரித்தால் என் இலை இருக்கிறது, என் பூ இருக்கிறது, என் சுருள் இருக்கிறது. காயை மட்டும் காணோம். காய் இருந்த இடத்தில் கருநீலமாக ஒரு திராட்சைக் குலை. உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருக்கு" என்றாள். எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. திராட்சைக் குலை இலைக்கு எதிர்ப்பக்கம் தொங்கும், இது இலை முளைக்கிற கக்கத்திலேயே தொங்குகிறது. மஞ்சள் பூ பூத்துத் திராட்சை காய்க்கிற கொடி உலகத்தில் எங்கே இருக்கிறது? உனக்குப் போன் போட்டேன். "நானேதாம்ப்பா லேப்டாப்ல மாத்துனேன். அத்தைக்கு, அதான் அவரு அம்மாவுக்கு, பத்திரிகையில பாவக்கா இருக்கது பிடிக்கலை. இது ஒண்ணு மட்டும் எனக்காகப் பொறுத்துக்கிடுங்க" என்றாய். பொறுத்துக்கொண்டிருக்கலாம், என்னிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால். கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு விசயம்.

பத்திரிகை கொடுக்கப் போனேன். முதல் பத்திரிகை சாஸ்தாவுக்கு. பூசாரி தட்டில் வாங்கிப் பார்த்துவிட்டு, திராட்சை பிரமாதம் என்றார். "இலைதான் நான் போட்டது. திராட்சை எனக்குத் தெரியாது" என்றேன். சாமிக்கு முன்னால் பொய் சொல்ல முடியுமா? அதற்குப் பிறகு போன வீடுகளிலெல்லாம் யாராவது பழத்தைப் பாராட்டினால் அதையே சொன்னேன். உன் அம்மா பக்கத்தில் நின்று இடுப்பில் கிள்ளிக்கொண்டே வந்தாள். தெற்குத் தெருப் பெரியவர் மட்டும் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, "ஏலே, இது பாவ எலைலா?" என்றார். "ஆமா" என்றேன். "பாவக்கொடியில திராட்சை காச்சிருக்கு. உன் சம்பந்தகாரங்க பெரிய ஆளுங்கதாம்லே, கசப்பையே இனிப்பா மாத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டு இருமி இருமிச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்குப் போய், உன் மாமியாருடைய மளிகைக் கடை வாசல் வரைக்கும் போயிருக்கிறது. மறுநாள் நீ போனில் அழுதாய். நான் கத்தினேன். பத்திரிகைக் கட்டு சித்தப்பா வீட்டுக்குப் போனது. அதிலிருந்து நீ அம்மாவுக்குத்தான் போன் போடுகிறாய். நான் எடுத்தால், "அம்மாட்ட குடுங்க" என்கிறாய்.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். முந்தாநாள் காலையில் நான் பின்வாசலில் இருக்கும்போது உன் மாமியார் வந்தார். தனியாக, பஸ்ஸில். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் தயாராக எழுந்து நின்றேன். அவர் வீட்டுக்குள் உட்காராமல் நேரே பந்தலுக்குக் கீழே வந்து நின்று, கொடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதானா அண்ணாச்சி அந்தக் கொடி?"

"இதுதான்."

"படத்துல பார்த்த மாதிரியே இருக்கு." அப்புறம் திரும்பி, "அழகா இல்லன்னு நான் சொல்லவே இல்ல. பாவக்கான்னு பார்த்ததும் எனக்குப் பழைய பயம் வந்துட்டு" என்றார்.

மூத்த மகன் கல்யாணம் நிலைக்கவில்லை என்று பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். அதற்கு மேல் நான் கேட்டுக்கொள்ளவில்லை. மிச்சத்தை முந்தாநாள்தான் அவர் சொன்னார். "அந்தப் பொண்ணு போன பொறவு ஆளுக்கொரு காரணம் சொன்னாக அண்ணாச்சி. பந்தக்கால் நட்ட நேரம் சரியில்லன்னாக. பந்தியில பாயசம் திரிஞ்சுதுன்னாக. நான் கட்டியிருந்த சேலை கலரைக்கூட விடலை. ரெண்டு பேருக்கும் ஒத்துவரலங்கிறதை மட்டும் ஒருத்தரும் சொல்லலை. இந்தக் கல்யாணத்துல ஒருத்தர் வாய்க்கும் ஒண்ணும் அகப்படக் கூடாதுன்னு இருந்தேன். அதை உங்க மககிட்ட சொல்லி அழுதேன். அப்பாகிட்ட இதெல்லாம் சொல்லாத தாயி, என்னைய என்ன நெனப்பாகன்னேன். 'நான் பாத்துக்கிடுதேன் அத்தை'ன்னா. அவ உங்ககிட்ட வாய் திறக்கவே இல்லைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

என்ன சொல்வதென்று தெரியாதபோது தெரிந்ததைச் சொல்வதுதான் என் வழக்கம். "இருந்தாலும் அந்தக் கொடியில திராட்சை காய்க்காது தங்கச்சி. அது தப்புத்தான்" என்றேன். உன் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"காய்க்காதுதான். யாரு காய்க்கும்னா?" என்று அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "நீங்க எல்லா வீட்டுலயும் பாவக்கான்னே சொல்லிக்கிடுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு பொண்ணு தகப்பன்கூடப் பேச்சு இல்லாம என் வீட்டுக்குள்ள வரக் கூடாது அண்ணாச்சி. பாவக்காயை விட அதுலா பெரிய கசப்பு."

போகும்போது பந்தலைப் பார்த்துக்கொண்டே, ரெண்டு காய் தரலாமா, அவர் வீட்டில் அவர் மட்டும்தான் அதைச் சாப்பிடுவார் என்று கேட்டார். நான் பறிக்கக் கையை நீட்டிவிட்டேன். உன் அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். "நல்லா இருக்கு! கல்யாணத்துக்கு முந்தி சம்பந்தகார வீட்டுக்குப் பாவக்கா கொடுத்து விடவா? மறுவீட்டுக்கு வரும்போது பறிச்சுக்கிடுங்க மைனி" என்று சொல்லி, வெறுங்கையோடு அனுப்பாமல் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொடுத்து அனுப்பினாள்.

அவர் போன பிறகு பத்திரிகையை வெளிச்சத்தில் வைத்து முதல்முறையாகக் கோபமில்லாமல் பார்த்தேன். எங்கேயோ கிடந்த திராட்சையை எடுத்து நீ ஒட்டியிருப்பாய் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இல்லை. ஒவ்வொரு பழத்துக்கும் இடப்பக்கம் ஒரு வெள்ளைக் கீற்று விட்டிருக்கிறாய். என் இலையின் நிழல் எந்தச் சாய்வில் விழுகிறதோ அதே சாய்வில் உன் குலையின் நிழலும் விழுகிறது. ஆபீஸ் முடிந்து ஹாஸ்டலுக்குப் போய், சாப்பிட்டோ சாப்பிடாமலோ, ஒவ்வொரு பழமாக நீ போட்டிருக்கிறாய். என் பின்வாசல் வெளிச்சம் எந்தப் பக்கம் விழும் என்பது உனக்கு நினைவிருக்கிறது. நான் உனக்கு ஒருநாளும் சொல்லித்தந்ததில்லை, நீ கேட்டதும் இல்லை. உன் மாமியாரின் பயத்தை வெளியே தெரியாமல் மூடிவைக்க நீ பட்ட சிரமம் அதில் இருக்கிறது. என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டும் நீ அதைத் திறக்கவில்லை. அந்தக் குணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். திராட்சையைத்தான் சொல்வேன்.

நீ போய் வாழப்போகிற வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்த அம்மாள் நல்லவர், பயந்தவர். பயப்படுகிறவர்களை நாம் திருத்த முடியாது, பக்கத்தில் இருக்கலாம். காலையில் ஒரு பச்சை, வெயில் ஏறினால் ஒரு பச்சை என்று சொன்னேனே, மனிதர்களும் அப்படித்தான். காலையில் ஒரு சொல் சுருக்கென்று வந்தால் அதுதான் அவர் என்று முடிவுகட்டிவிடாதே, சாயங்காலமும் ஒருதடவை பார். மாப்பிள்ளையையும் அப்படியே பார். கங்கைகொண்டான் தொழிற்சாலையில் ஷிப்டு முடித்துவிட்டு வருகிற நேரத்து முகத்தை வைத்து ஒருவனை எடை போடக் கூடாது. நான் கம்பத்தில் ஏறி இறங்கிவிட்டு வந்த முகத்தை வைத்து உன் அம்மா என்னை எடை போட்டிருந்தால் நீ பிறந்திருக்க மாட்டாய். ஆனால் ஒன்று. இந்த ஒருதடவை அடுத்தவருக்காகத் திராட்சை போட்டாய், சரி. யாருக்கு எது பிடிக்கவில்லையோ அதையெல்லாம் அழித்துவிட்டுப் பழத்தைப் போட்டுக்கொண்டே இருந்தால், உன் கொடி எது என்று கொஞ்ச நாளில் உனக்கே தெரியாமல் போய்விடும். அந்த வீட்டில் உனக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் பைய, மரியாதையாக, ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடு. அவர் தாங்கிக்கொள்வார். எனக்கு முன்னால் நின்று சிரித்தவர், உனக்கு முன்னால் நிற்க மாட்டாரா?

நேற்றுக் காலையில் சித்தப்பா வீட்டுக்குப் போய்க் கட்டைக் கேட்டேன். "அண்ணே, அவ என்னையத்தான் கொடுக்கச் சொன்னா" என்று இழுத்தான். "அவகிட்ட நான் எழுதிச் சொல்லிக்கிடுதேன். எடுலே" என்றேன். நல்லவேளை, உன் தாய்மாமன் வீட்டுக்கு அவன் இன்னும் போகவில்லை. அந்த வீட்டுக்கு நான் போகாமல் இருந்திருந்தால் உன் அம்மா ஆயுசுக்கும் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டாள். இரண்டு பேரும் சட்டை சேலை மாற்றிக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், பழம் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு போனோம். வழி முழுக்க உன் அம்மா, "அங்கன போயாவது வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மாமன் வாழைத்தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பத்திரிகையை வாங்கினான். பெயர்களை வாசித்தான். முகூர்த்த நேரத்தைச் சத்தமாக ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். அப்புறம் படத்தில் விரல் வைத்து, "அத்தான், இந்தத் திராட்சை தொட்டா உதிர்ந்துரும் போல இருக்கு. நீங்க போட்டதா?" என்றான்.

உன் அம்மா என்னைப் பார்க்காமல் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தாள்.

"கொடி நான் போட்டேன் மாப்ள" என்றேன். "பழம் எம் மக போட்டா."

"அப்படியா! அப்ப அப்பனும் மகளும் சேர்ந்து போட்டதுன்னு சொல்லுங்க."

"ஆமா" என்றேன். "சேர்ந்துதான் போட்டோம்."

அப்பா